எல்லையோரத்துப் பழைய கட்டடத்தை நினைவிடமாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, பாலக்காட்டுச் சித்தூர், தேவிகுளம் என்று கேரள எல்லையை ஒட்டித் தமிழ் பேசும் ஊர்களில் எங்கே போனாலும் ஒரு பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கும். திருவிதாங்கூர் காலத்துக் கச்சேரியாக, அதாவது அரசு அலுவலகமாக இருக்கும், ஓடு வேய்ந்த பள்ளிக்கூடமாக இருக்கும், போராட்டக்காரர்கள் கூடிய வீடாக இருக்கும், நெல் போட்டு வைத்த அறைப்புரையாக இருக்கும். ஊரில் அக்கறையுள்ள நாலு பேர் சேர்ந்து "இதை நினைவிடமாக்கிவிடலாம்" என்று முடிவெடுப்பார்கள். நல்ல முடிவுதான். ஆனால் வேலை தொடங்கியதும் சுவருக்குச் சிமெண்ட் பூச்சு, தரைக்குக் கிரானைட், திண்ணைக்கு எவர்சில்வர் கைப்பிடி, முற்றத்தில் ஒரு சிலை என்று போய், திறப்புவிழா நாளில் பெயர்ப்பலகை மட்டுமே பழைய கதையைச் சொல்லும் நிலை வந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் கட்டடமே சாட்சி. அதன் சுவரும் கூரையும் வாசலும் எவ்வளவு மிஞ்சுகின்றனவோ அவ்வளவுதான் நினைவும் மிஞ்சும். கீழே உள்ள படிகள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. படிகளின் வரிசையும் முக்கியம், ஏழாவது படியில் வரும் வயதானவர்களின் பேட்டி மட்டும் விதிவிலக்கு. முன்னதை முடிக்காமல் பின்னதைத் தொடங்கினால் பணமும் போகும், கட்டடமும் போகும்.

முதல் படி: எதை நினைவுகூருகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

குழுவில் ஆளுக்கொரு கதை இருக்கும். அதனால் முதலில் உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். இங்கே என்ன நடந்தது, யாருக்கு நடந்தது, கட்டடத்தின் எந்தப் பகுதி அதற்குச் சாட்சி: இந்த மூன்றுக்கும் அந்தப் பக்கத்தில் பதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டம் அது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைப் பகுதி ஆகியவை வந்து சேர்ந்தன, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. உங்கள் கையில் இருப்பது அந்தக் காலத்தில் ஆட்கள் கூடிய ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உட்கார்ந்த திண்ணை எது, போலீஸ் வந்தபோது ஓடிய பின்வாசல் எது என்று தெரிந்தால், அந்தத் திண்ணையை உடைத்துச் சாய்தளம் போடலாமா, பின்வாசலை அடைத்துக் கழிப்பறை கட்டலாமா என்ற கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும். எழுதிய அந்தப் பக்கத்தைக் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நினைவிடங்களில் பல வகை உண்டு. வைக்கத்தில் தமிழக அரசின் பெரியார் நினைவகம் 1994-இல் அமைந்தது, புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பர் 12 அன்று மறுபடி திறக்கப்பட்டது. 1924–25 சத்தியாக்கிரகத்தை நினைவுகூர எழுப்பிய இடம் அது. அங்கே நிகழ்ச்சிதான் முதன்மை, கட்டடம் பிற்காலத்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் கட்டடமே முதன்மை. கேரளத்துப் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் யூத ஆலயங்களைச் சீரமைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே வழிபட்ட சமூகத்தில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குப் போன பின்பு, கட்டடம் அவர்கள் வாழ்க்கையைச் சொல்லும் இடமாகிவிட்டது. பழைய கட்டடம் கையில் இருப்பவர்கள் பத்மநாபபுரத்தையும் இந்த ஆலயங்களையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மேற்கொண்டு பேசுவது நல்லது.

இரண்டாவது படி: ஆதாரம், பட்டா, அனுமதி

ஆர்வம் சூடாக இருக்கும்போது கொஞ்சம் அலுப்பான வேலைதான். ஆனாலும் இது முடியாமல் ஒரு ஓட்டைக்கூடத் தொடாதீர்கள்.

எல்லைப் பகுதியில் இது மற்ற ஊர்களைவிடச் சிக்கல். 1956-க்கு முந்தைய ஆதாரங்கள் திருவிதாங்கூர் முத்திரைத்தாளில் இருக்கும், பலவும் மலையாளத்தில் இருக்கும். பழைய சர்வே எண் வேறு, மறு நில அளவைக்குப் பின் வந்த எண் வேறு. இரண்டையும் பொருத்திப் பார்த்து, வில்லங்கச் சான்று எடுத்து, வாரிசுகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். திருவனந்தபுரத்திலோ வளைகுடாவிலோ இருக்கும் வாரிசையும் விட்டுவிடக் கூடாது. தானமாகக் கொடுக்கிறார்களா, நீண்ட காலக் குத்தகையா, பராமரிப்பு உரிமை மட்டுமா என்பதைப் பதிவு செய்யுங்கள். வாய்ப்பேச்சில் தொடங்கிய வேலை கூரை பிரித்த நிலையில் வழக்கில் நின்றால், அடுத்த மழை யாருக்காகவும் காத்திருக்காது.

எல்லை மாறினாலும் உடைமை மாறாமல் இருக்கலாம் என்பதற்குப் பத்மநாபபுரமே கண்முன் நிற்கும் சான்று. அரண்மனை இருக்கும் மண் தமிழ்நாடு, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. உங்கள் கட்டடமும் ஒரு காலத்தில் அரசுக் கச்சேரியாகவோ சத்திரமாகவோ இருந்திருந்தால், இரு மாநில ஆவணங்களையும் பார்ப்பது அவசியம்.

அடுத்தது, பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டக்கோட்டை போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தம் இது. பழுது பார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். மாநிலப் பாதுகாப்பில் இருந்தால் தமிழ்நாட்டில் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தும். குடியிருப்பைப் பொது இடமாக மாற்ற உள்ளாட்சி அனுமதியும் பொறியாளரின் உறுதிச் சான்றும் தேவைப்படும். எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லாத கட்டடங்களுக்கென்றே, மரபுச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் (INTACH) அமைப்பு 2004-இல் ஒரு சாசனம் வெளியிட்டது. குழுவில் ஒருவராவது அதைப் படித்திருக்க வேண்டும்.

மூன்றாவது படி: தொடாமல் படியுங்கள்

கட்டடத்தை அளந்து வரையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் நாலு சுவர், தரை, கூரை என்று ஆறு படமாவது எடுங்கள். படத்துக்குள் ஒரு அளவுகோல் தெரிய வேண்டும். பிரிக்கப்போகும் ஒவ்வொரு கழுக்கோலுக்கும் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) உத்திரத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அதை வரைபடத்தில் குறியுங்கள். தகரத் துண்டில் எண்ணை அடித்துக் கட்டிவிடலாம். சாக்கட்டி எழுத்து ஒரு மழைக்குத் தாங்காது.

அளக்கும்போது மீட்டர் கணக்கில் அறைகள் எல்லாம் ஒட்டாத எண்ணாக வரும். 72 சென்டிமீட்டரை ஒரு கோலாக வைத்து அளந்து பாருங்கள். பழைய ஆசாரி போட்ட கணக்கு தெளிந்துவிடும். எந்தச் சுவர் முதலில் வந்தது, எது பிறகு ஒட்டியது என்பதும் அப்போது பிடிபடும். கோல் கணக்குக்குள் வராத அறை பெரும்பாலும் பிற்சேர்க்கையாக இருக்கும்.

ஆண்டைக் கண்டுபிடிக்க மூன்று இடம் பாருங்கள். முதலில் வாசல் நிலையின் மேல்கட்டை. அங்கே எண் செதுக்கியிருந்தால் அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டாக, அதாவது மலையாள ஆண்டாக இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடியும் வரை 825 கூட்டுங்கள். 1075 என்று இருந்தால் 1899–1900. பழைய மலையாள ஆவணங்களுக்கும் இதே கணக்குத்தான். 1129 ஆடி என்று ஒரு தாள் கிடைத்தால் அது மேலே சொன்ன 1954 துப்பாக்கிச் சூட்டு மாதம். இந்த ஒரு வருடக் கணக்கைத் தவறவிட்டு, கல்வெட்டில் தப்பான ஆண்டைச் செதுக்கி வைத்த இடங்கள் உண்டு.

இரண்டாவது, ஓடு. ஒன்றைக் கழற்றிப் புரட்டி, பாசியைத் துடைத்துப் பாருங்கள். உள்பக்கம் கம்பெனிப் பெயரும் ஊரும் அச்சில் இருக்கும், சிலவற்றில் ஆண்டும் இருக்கும். பாசல் மிஷன் என்ற கிறித்தவச் சபை மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கியது 1865-இல். ஆகவே மங்களூர் ஓடு வேய்ந்த கூரை அதற்குப் பிந்தியதுதான், கீழே சுவர் இன்னும் பழையதாக இருக்கலாம். ஒரே கூரையில் மூன்று கம்பெனி ஓடு இருந்தால் மூன்று முறை கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஓடுகளில் ஒவ்வொன்றை எடுத்துக் காட்சிக்கு வையுங்கள். பார்க்க வரும் பிள்ளைகள் அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்வார்கள். மூன்றாவது இடம் ஆவணக் காப்பகம். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூர்க் கோப்புகள் உள்ளன.

விரிசல் இருந்தால் உடனே அடைக்காதீர்கள். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு முழு மழைக்காலம் கழித்துக் கண்ணாடி அப்படியே இருந்தால் விரிசல் பழைய காயம், ஆறிப் போனது. உடைந்திருந்தால் அஸ்திவாரம் இன்னும் நகர்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நான்காவது படி: தண்ணீரை வெளியே அனுப்புங்கள்

நம் பக்கம் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம். பழைய கட்டடத்தைக் கொல்வது வயதைவிடத் தண்ணீர்தான். ஆகவே பழுது பார்க்கும் பணத்தில் முதல் ரூபாயைக் கூரைக்கும் வடிகாலுக்கும் செலவழியுங்கள். சுவரில் கை வைப்பது அப்புறம்.

மழை பெய்யும்போதே குடையோடு போய்க் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். ஓட்டு விளிம்பில் விழும் தண்ணீர் எங்கே தெறிக்கிறது, இரண்டு கூரை சேரும் தகரப் பாத்தி எங்கே நிரம்பி வழிகிறது, நடுமுற்றத்து வடிகால் ஓடுகிறதா தேங்குகிறதா என்று படத்தில் குறியுங்கள். வெயில் நாளில் வரும் எந்தப் பொறியாளருக்கும் இது தெரியாது.

அடுத்தது தெரு. முப்பது நாற்பது வருடமாகத் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருக்கும். வாசற்படி இரண்டு மண்ணுக்குள் போயிருக்கும். ஒரு காலத்தில் தெருவைவிட உயரத்தில் நின்ற வீடு இப்போது பள்ளத்தில் நிற்கும். கட்டடத்தைச் சுற்றி ஏறிய மண்ணை வெட்டி எடுத்து, பழைய அடித்தளக் கல் வெளியே தெரிய வையுங்கள். வெட்டுகல் (செம்புரைக்கல்) சுவர் மண்ணைத் தொடவே கூடாது. சுற்றிலும் போட்ட சிமெண்ட் தளத்தை உடைத்து எடுத்துவிட்டுச் சரளை போட்டு, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுங்கள். சிமெண்ட் தளம் சுத்தமாகத் தெரியும், ஆனால் மண்ணின் ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் சுவருக்குள் ஏறும். சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து உப்புப் பூத்து நிற்பதற்கு இது பெரிய காரணம்.

சுவர் இடுக்கில் ஆலும் அரசும் முளைத்திருந்தால் இழுத்துப் பிடுங்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வேரைச் சாகடித்து, அது காய்ந்த பிறகு இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள்.

தண்ணீர் நின்ற பிறகு ஒரு வெயில் காலம் முழுக்கச் சுவரை உலர விடுங்கள். பலருக்கும் பொறுமை போவது இங்கேதான். நன்கொடை கொடுத்தவர்கள் வந்து "இன்னும் ஒன்றும் நடக்கலையே" என்பார்கள். கட்டடம் உலர்வதும் வேலைதான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஐந்தாவது படி: சுண்ணாம்பு

சிமெண்ட் நல்ல பொருள், ஆனால் இந்தச் சுவருக்கு உரியதல்ல. வெட்டுகல்லும் பழைய செங்கல்லும் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அந்தப் போக்குவரத்தைத் தடுக்காது. சிமெண்ட் தடுக்கும். உள்ளே மாட்டிய ஈரம் மேலே ஏறி உத்திரத்தின் முனையை அழுக வைக்கும், உப்பு கல்லுக்குள்ளேயே படிந்து கல்லை மாவாக்கும். சில வருடம் கழித்துச் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக விழும்போது கல்லின் முகமும் அதோடு சேர்ந்து விழும். அந்த முகம் திரும்பி வராது.

சுண்ணாம்பை எப்படித் தயார் செய்வது? நீற்றாத சுண்ணாம்பு வாங்கித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தண்ணீருக்குள் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். நீறியதைச் சல்லடையில் வடித்து, மேலே எப்போதும் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். சில வாரமாவது ஊற வேண்டும், மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. ஊறியது கரண்டியில் எடுத்தால் வெண்ணெய் போல் வழுக்கி நிற்கும், கட்டி தட்டாது. கட்டி தட்டுகிற சுண்ணாம்பைப் பூசினால், நீறாத துகள் பின்னால் சுவரில் நீறிக் கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும்.

மணல் கழுவிய மணலாக இருக்க வேண்டும். கடல் பக்கம் எடுத்த உப்பு மணல் கூடவே கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை, மூன்று பங்கு மணல் என்பது பொதுவான தொடக்கம். ஆனால் உங்கள் சுவரின் பழைய காரையில் ஒரு துண்டை எடுத்து ஆய்வுக்கு அனுப்பி, அதற்குப் பொருந்தக் கலப்பதே சரி. கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டிக் கரைசலும் சேர்ப்பது பழைய வழக்கம். அதைக் கை பழகிய கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள். அளவு மீறினால் பூச்சு இறுகாமல் பூஞ்சணம் பிடிக்கும்.

முதலில் யாரும் பார்க்காத ஒரு பின்சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பூசிப் பாருங்கள். பூசுமுன் சுவரை நனையுங்கள், மெல்லிய படலமாகப் பூசுங்கள், ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறையுங்கள். காற்றில் உள்ள கரியமில வாயுவை மெதுவாக இழுத்துத்தான் சுண்ணாம்பு கல்லாக மாறும். பங்குனி வெயிலில் ஒரே நாளில் காய்ந்தால் வெடித்துவிடும், அடைமழையில் இறுகவே இறுகாது. துலாவர்ஷம் ஓய்ந்த தை, மாசி எங்கள் பக்கத்துக்கு ஏற்ற மாதங்கள். மேலே பெயின்ட் வேண்டாம், வெள்ளைச் சுண்ணாம்பே நாலைந்து மெல்லிய கை அடியுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கிடைத்தவரோடு இரண்டு இளைஞர்களைச் சேர்த்து விட்டு, அவர்களுக்கும் கூலி கொடுங்கள். உங்கள் கட்டடத்துக்கு அடுத்த பூச்சு தேவைப்படும் நாளில் அந்தக் கை ஊரில் இருக்க வேண்டும்.

ஆறாவது படி: மரமும் ஓடும்

மரத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு குத்தூசியும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள். கழுக்கோல் சுவரில் அமரும் இடம்தான் முதலில் போகும். பெயின்ட் பளபளவென்று இருக்கும், தட்டினால் மத்தளம் மாதிரி ஓசை வரும், ஊசி எதிர்ப்பில்லாமல் இரண்டு விரற்கடை இறங்கும். அங்கிருந்து ஒரு சாண் நகர்ந்து தட்டினால் 'ணங்' என்று கேட்கும், ஊசி நிற்கும். அதாவது பத்தடி மரத்தில் கெட்டது ஒரு சாண் மட்டுமே. அந்த ஒரு சாணுக்காக முழு மரத்தையும் மாற்றச் சொல்பவர்கள் நிறைய. மாற்றாதீர்கள். கெட்டதை வெட்டி எடுத்து, அதே இனத்தில் நன்றாகக் காய்ந்த மரத்தைச் சாய்வெட்டில் ஒட்டி, மர ஆணி அடித்து இணைக்க நல்ல ஆசாரிக்குத் தெரியும். தேக்குக்குத் தேக்கு, அயினிக்கு அயினி, பனைக்குப் பனை. இடித்த வீடுகளின் மரம் விற்கும் கடைகளில் வைரம் பாய்ந்த பழைய மரம் கிடைக்கும். ஒட்டிய துண்டின் மறைவான பக்கத்தில் ஆண்டைச் சுட்டுப் பதியுங்கள். எது பழசு, எது புதுசு என்று பின்னால் வருபவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கரையானுக்கு மண் குழல்தான் அடையாளம். அது எங்கிருந்து ஏறுகிறது என்று தேடினால் பெரும்பாலும் ஈரமான சுவரில் போய் நிற்கும். ஈரம் போனால் பாதிக் கரையான் போகும். மீதிக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் தடவலாம். மச்சுப் பலகைக்குக் கனத்த வார்னிஷ் அடிக்காதீர்கள், மரம் மூச்சு விட முடியாது.

ஓட்டைப் பிரிக்கும்போது தட்டிப் பார்த்துத் தரம் பிரியுங்கள். கணீர் என்று ஒலித்தால் நல்லது. நல்ல பழைய ஓட்டை முகப்புச் சரிவில் சேர்த்துப் போட்டு, புதியதைப் பின்சரிவில் போடுங்கள். கூரையைப் பிரிக்குமுன் மேலே தார்ப்பாய்ப் பந்தல் கட்டுவது செலவுதான். நம் வானத்தை நம்பி அதைத் தவிர்க்காதீர்கள்.

ஏழாவது படி: கதையைச் சொல்வது

இதற்குள் கட்டடம் நிமிர்ந்திருக்கும். குழுவுக்கும் கொஞ்சம் அசதி வந்திருக்கும். ஆனால் நினைவிடம் என்ற பேருக்கு உயிர் கொடுக்கும் வேலை இனிமேல்தான்.

முதலில் வயதானவர்களிடம் போங்கள். 1954-இல் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சுண்ணாம்பு ஊறும் வரை காத்திருக்கலாம், இவர்கள் விஷயத்தில் காத்திருக்க முடியாது. உண்மையில் முதல் படியிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும். "போராட்டத்தைப் பற்றிச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் மேடைப் பேச்சு வரும். "அன்றைக்குக் காலையில் வீட்டில் என்ன சாப்பாடு? எந்த வழியாக நடந்து போனீர்கள்? கடை திறந்திருந்ததா?" என்று கேளுங்கள், நாள் முழுவதும் விரியும். பாட்டிமாரைத் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் பேசிய ஆண்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும், அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சியவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. பதிவு செய்ததைக் குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுத்து, வெளியே வைக்க எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

தியாகிகள் பெயர்ப்பட்டியலில் தகராறு வராமல் இருக்காது. இனிஷியல், ஊர்ப்பெயர், எழுத்து என்று எல்லாம் மாறி மாறி இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்புத் திறந்து, என்ன ஆதாரத்தில் சேர்த்தோம் என்று வையுங்கள். அது முடியும் வரை கருங்கல்லில் செதுக்காதீர்கள். மரப் பலகையில் எழுதி வைத்தால் திருத்திக்கொள்ளலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கட்டடம் எல்லோருக்கும் திறந்திருந்ததில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு 1859 வரை போராட வேண்டியிருந்தது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் நடந்தது. உங்கள் கட்டடத்தில் யார் முன்வாசலில் வந்தார்கள், யார் முற்றத்தோடு நின்றார்கள், நெல்லை அளந்தவர் யார், சுமந்தவர் யார் என்பதையும் பலகையில் எழுதுங்கள். ஊரில் சிலருக்குக் கசக்கும். ஆனாலும் முற்றத்தோடு நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று முன்வாசல் வழியாக உள்ளே வந்து இதைப் படிப்பதுதான் பொது நினைவிடம் என்பதன் பொருள்.

பலகைகள் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். மொழிக்கான போராட்டத்தை நினைவுகூரும் இடத்தில் மலையாளம் எதற்கு என்று கேட்பவர்கள் வருவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தும் மக்கள் வருகிறார்கள். அவர்கள் படிக்காத கதை பாதிக் கதைதான். ஒரு மொழியில் எழுதி மற்றதில் பெயர்க்காமல், அந்தந்த மொழிக்காரரையே எழுதச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் ஆவணத்தையும், அன்றைய அரசின் உத்தரவையும் அப்படியே காட்சிக்கு வையுங்கள். பார்வையாளரைப் படித்து முடிவு செய்ய விடலாம்.

மூலத் தாள், துணி, படம் எதையும் நேர் வெளிச்சத்தில் வைக்காதீர்கள். இவற்றுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் ஆகாது. நல்ல பிரதி எடுத்து அதைக் காட்சிக்கு வைத்து, மூலத்தை ஈரமில்லாத பெட்டியில் பாதுகாப்பது நம் தட்பவெப்பத்துக்கு நல்லது.

எட்டாவது படி: ஆட்கள் உள்ளே வரும்போது

வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ எடைக்குக் கணக்கிடுவார்கள், மக்கள் கூடும் இடத்துக்கு 400 முதல் 500 கிலோ வரை. மச்சுக்கு மேலே உள்ள மரத்தளம் இரண்டாவதைத் தாங்குமா என்று பொறியாளர் எழுதித் தர வேண்டும். தாங்காது என்றால் இரும்புத் தூணைக் கொண்டு வராதீர்கள், ஒரே நேரத்தில் ஏறும் ஆட்களைக் குறையுங்கள். அல்லது மாடியைப் பூட்டி, அதன் படத்தைக் கீழே வையுங்கள்.

செருப்பை வெளியே விடச் சொல்லுங்கள். பத்மநாபபுரத்தில் அதுதான் வழக்கம், அங்கே கரிய தளம் இன்றும் மின்னுகிறது. செருப்பில் வரும் மணல்தான் தளத்தை அரிக்கும். வெயிலில் கால் சுடாமல் இருக்க முற்றத்தில் கயிற்றுப் பாய் போடுங்கள்.

சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவில், கழற்றி எடுக்கக்கூடிய மரச் சாய்தளம் பக்கவாசலில் வையுங்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். முடியாத அறைக்குக் கீழே ஒரு காணொளித் திரை. கழிப்பறை, வாகன நிறுத்தம், தேநீர்க் கடை மூன்றும் பழைய கட்டடத்துக்குள்ளே வேண்டாம், தள்ளி எளிமையாகக் கட்டுங்கள். மின்கம்பிக்காகச் சுவரைக் கொத்தாமல், உத்திரத்தின் மறைவில் குழாய் ஓட்டுங்கள். மரக் கட்டடத்தில் தீ வருவது பெரும்பாலும் பழைய வயரிங்கில் இருந்துதான். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று காவலாளி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும்.

ஒன்பதாவது படி: திறப்புவிழாவுக்கு அடுத்த நாள்

திரட்டிய பணத்தில் ஒரு பகுதியைத் திறப்புவிழாவுக்கு முன்பே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடுங்கள், வட்டி பராமரிப்புக்கு மட்டும். விழா முடிந்த பின் நன்கொடை கேட்பது கடினம். அறக்கட்டளையாகப் பதிவு செய்து, வருமானவரி விலக்குச் சான்று வாங்கினால் இந்தியாவில் வரி கட்டும் நன்கொடையாளர்களுக்குப் பயன்படும். வெளிநாட்டுப் பணம் வாங்க அதற்கென்று தனி அனுமதி வேண்டும்.

பராமரிப்பு நாட்காட்டியை அலுவலகச் சுவரில் மாட்டுங்கள். சித்திரையில், இடவப்பாதிக்கு முன்பு, ஓடு சரிபார்த்துப் பாத்தியைக் கூட்டிவிட வேண்டும். புரட்டாசியில், துலாவர்ஷத்துக்கு முன்பு, அதையே மறுபடி. தையில் பெயர்ந்த இடத்துக்குச் சுண்ணாம்பு. வாரம் ஒரு முறை கரையான் குழல் தேடல். மழை பெய்யும் முதல் நாளில் குழுவில் ஒருவர் குடையோடு கட்டடத்தைச் சுற்றி வந்து, ஒழுகும் இடத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

காவலாளிக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் கொடுங்கள், உள்ளூர்க்காரராக இருக்கட்டும். ஓட்டில் விழும் முதல் தேங்காய் மட்டையை அன்றைக்கே எடுப்பது அவர்தான். அந்தச் சம்பளத்துக்கு வட்டி போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே திறப்புவிழாத் தேதியைக் குறியுங்கள்.